காற்றை விரட்டும் கம்பி

இரும்பை உருக்குவது வெல்டிங்கில் கடினமான பகுதி இல்லை. மின்வில்லின் வெப்பம் 5000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு 1538 டிகிரியிலேயே உருகிவிடும். உருகிய இரும்பு மறுபடி கெட்டியாவதற்கு ஓரிரு நொடிகள் ஆகும். அதுவரை அதன்மேல் காற்றுப் படாமல் காப்பதுதான் கடினம். கடந்த நூற்று முப்பது ஆண்டுகளில் வந்த பற்றவைப்பு முறைகளில் பெரும்பாலானவை இந்தச் சில நொடிகளைக் காப்பாற்றப் பிறந்தவை.

காற்றில் அப்படி என்ன கேடு? அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது உருகிய இரும்பிலுள்ள கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு வாயுவாகிக் குமிழியிடும். இரும்பையும் எரித்து ஆக்சைடாக்கும். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். சாதாரண வெப்பத்தில் எதோடும் சேராத வாயு என்று பள்ளியில் படித்தோம். மின்வில்லுக்குள் அந்த விதி செல்லாது. அங்கே நைட்ரஜன் மூலக்கூறு அணுக்களாக உடைந்து உருகிய இரும்பில் தாராளமாகக் கரைகிறது. இரும்பு உறையத் தொடங்கியதும் அதனால் தாங்கக்கூடிய நைட்ரஜனின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வெளியேற வேண்டிய வாயுவுக்கு வழி கிடைப்பதில்லை. உறைந்த இரும்புக்குள்ளேயே துளைகளாகத் தங்கிவிடுகிறது. வெளியேறாமல் இரும்போடு சேர்ந்துகொண்ட நைட்ரஜன் அதை நொறுங்கும் இரும்பாக்குகிறது. பட்டறையில் ஒருவர் வெல்டிங்கைப் பார்த்து 'ஓட்டை ஓட்டையா இருக்கு' என்றால், பெரும்பாலும் அங்கே காற்று புகுந்திருக்கிறது என்று பொருள்.

திருத்தணிக்குப் பக்கத்திலுள்ள கே.ஜி.கண்டிகையில் ஒருவர் தன் வீட்டு வேலைக்குத் தானே வெல்டிங் செய்ய நினைத்தால் முதலில் எதிர்கொள்ள வேண்டியது இதைத்தான். கோழிக்கூண்டுக்கு ஒரு சட்டம், செடித்தொட்டி வைக்க ஒரு ஸ்டாண்டு, மாட்டுக் கொட்டகைக்கு ஒரு தட்டி என்று எந்த வேலையும் வாசலிலோ தோட்டத்திலோதான் நடக்கும். நான்கு சுவருக்குள் பட்டறை வைத்திருப்பவர்கள் சிலரே. ஆடி மாதத்து மேல்காற்றில் வெட்டவெளியில் நின்று வேலை செய்ய வேண்டும். வாயு சிலிண்டர் தேவைப்படாத ஃபிளக்ஸ் கோர் கம்பி இந்த இடத்துக்கு ஏன் பொருந்துகிறது, எங்கே பொருந்தாது என்பதுதான் இந்த அத்தியாயம்.

பழைய கதை கொஞ்சம் வேண்டும். 1881-இல் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிகொலாய் பெனார்தோஸ், கார்பன் குச்சிக்கும் இரும்புக்கும் இடையே மின்வில்லை உண்டாக்கி உலோகங்களை ஒட்டினார். 1888-இல் நிகொலாய் ஸ்லவ்யானோவ் கார்பனுக்குப் பதில் உலோகக் கம்பியையே மின்முனையாக வைத்தார். கம்பியே உருகி இணைப்பை நிரப்பியது. ஆனால் அது வெறும் கம்பி. காப்பு ஏதும் இல்லை. ஒட்டிய இடம் பார்க்கச் சேர்ந்திருக்கும், அடித்தால் உடையும். சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் கப்பல்களின் நீராவிக் கொதிகலன்களைப் பழுதுபார்த்துவந்த ஆஸ்கார் ஷெல்பெரி இதற்கு வழி கண்டார். இரும்புக் கம்பியைக் கார்பனேட்டுகளும் சிலிகேட்டுகளும் கலந்த குழம்பில் முக்கி எடுத்து உலர்த்தினார். வில்லின் வெப்பத்தில் அந்தப் பூச்சு புகையாகி இணைப்பைச் சூழ்ந்தது. மிச்சம் கசடாகி உருகிய இரும்பின்மேல் மூடியாகப் படிந்தது. அவர் 1904-இல் தொடங்கிய நிறுவனம்தான் ஈசாப். சென்னை அம்பத்தூரில் இன்று இயங்கும் ஈசாப் இந்தியா அதன் கிளை. திருத்தணியிலிருந்து ரயில் ஏறிச் சென்னைக்குப் போகிறவர்கள் அந்த அம்பத்தூரைக் கடந்துதான் போகிறார்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் ஓடுவது ஷெல்பெரியின் அந்த ராடுதான். செய்முறை பெரிதும் மாறியிருந்தாலும் தத்துவம் அதுவே. அதன் குறை, அது குச்சி என்பது. 350 மில்லிமீட்டர் ராடு ஒரு நிமிடம் சற்றுக் கூடுதலாக எரிந்து தீரும். கடைசி இரண்டு அங்குலத்தை எறிய வேண்டும். அடுத்த ராடை மாட்டி மறுபடி தட்டி வில்லை எழுப்ப வேண்டும். ராடு குறையக் குறையக் கையைக் கீழே இறக்கிக்கொண்டே வர வேண்டும். புதிதாகக் கற்பவர் தடுமாறுவது இங்கேதான். ராடு பைப்பில் ஒட்டிக்கொள்ளும், அல்லது கை தூரமாகி வில் அணையும்.

சுருளாகச் சுற்றிய கம்பியை மோட்டார் வைத்துத் தள்ளினால் இந்தத் தொல்லை தீரும். 1948-இல் அமெரிக்காவில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் சுருளாகச் சுற்ற வேண்டிய கம்பிமேல் ஷெல்பெரியின் பூச்சைப் பூச முடியாது. வளைத்தால் விரிசல் விட்டு உதிரும். உதிராவிட்டாலும் அந்தப் பூச்சைத் தாண்டிக் கம்பிக்குள் மின்சாரம் போகாது. எனவே கம்பியை வெறுமையாக விட்டு, காப்புக்கு வாயுவைத் தனியாக ஊதினார்கள். முதலில் ஆர்கானும் ஹீலியமும், 1950-களில் மலிவான கார்பன் டை ஆக்சைடும் வந்தன. மிக் வெல்டிங் என்று நாம் சொல்வது இதைத்தான். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் வாயு டார்ச்சின் முனையிலிருந்து மெல்ல வழிந்து இணைப்பை மூடும். சுவர்களுக்குள் அருமையான முறை. வெளியே வந்தால் ஒரு சிறு காற்று அந்த வாயுவைக் கலைத்துவிடும். அமெரிக்கக் கட்டுமான வெல்டிங் விதித்தொகுப்பு, வாயு ஊதும் முறைகளுக்கு அனுமதிக்கும் காற்றின் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர்வரை மட்டுமே. வேப்பிலை சலசலக்கப் போதுமான காற்று அவ்வளவுதான். அதற்குமேல் வீசினால் மறைப்புக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பூச்சை வெளியே பூச முடியாது என்றால் உள்ளே வைத்தால் என்ன? மெல்லிய எஃகுப் பட்டையை வாய்க்கால் வடிவத்தில் வளைத்து, அதில் பொடியை நிரப்பி, விளிம்புகளைச் சேர்த்து மூடி, அச்சுத் துளைகளின் வழியே மறுபடி மறுபடி இழுத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கொழுக்கட்டைக்குள் பூரணம் இருப்பதுபோல் 0.8 அல்லது 0.9 மில்லிமீட்டர் கம்பிக்குள் பொடி. இதுதான் ஃபிளக்ஸ் கோர் கம்பி. வெளியே இருப்பது இரும்பு என்பதால் டார்ச்சின் நுனியிலுள்ள செப்புத் துளையைத் தொட்டுக்கொண்டு வரும்போதே மின்சாரம் ஏறிவிடுகிறது. வாயுவே வேண்டாத வகையை லிங்கன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1950-களின் இறுதியில் இன்னர்ஷீல்டு என்ற பெயரில் கொண்டுவந்தது. ராடின் தோலை உள்ளே திருப்பிவிட்டார்கள் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி வேதியியல், அதுதான் சுவையானது.

ராடின் பூச்சு உருகும் நுனியைவிடச் சற்று நீண்டு ஒரு சிறு கிண்ணமாக நிற்கிறது. அது எழுப்பும் வாயு சொட்டைச் சுற்றி வெளிப்புறமாகக் காக்கிறது. கம்பிக்குள் இருக்கும் பொடிக்கு அந்த வசதி இல்லை. வெளிக்கூடு முதலில் உருகிச் சொட்டும்போது அதன் வெளிப்பக்கம் காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. காற்றை முழுமையாகத் தடுக்க இந்தக் கம்பியால் இயலாது. ஆகவே அது வேறு வழியில் போகிறது: உள்ளே வந்த காற்றைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. பொடியில் அலுமினியமும் மக்னீசியமும் இருக்கின்றன. இரும்பைவிட இவற்றுக்கு ஆக்சிஜன்மேல் ஈர்ப்பு மிக அதிகம். அலுமினியம் நைட்ரஜனையும் விடாது. கரைந்த நைட்ரஜன் குமிழியாகும் முன்பே அலுமினியம் அதைப் பிடித்து அலுமினியம் நைட்ரைடு என்ற நுண்ணிய திடத்துகளாக்கிவிடுகிறது. வாயு திடமாகிவிட்டால் துளை ஏது? மக்னீசியம் கொதித்து ஆவியாகி வில்லைச் சூழ்ந்து காற்றை ஓரளவு தள்ளி நிறுத்துகிறது. பேரியம், கால்சியம் போன்றவற்றின் ஃபுளூரைடுகள் கசடாகி மேலே மூடுகின்றன. அந்தக் கசடைச் சுத்தியால் தட்டி எடுக்கும்போது கீழே இருப்பது, காற்றோடு போராடி மீண்ட இரும்பு.

இப்போது ஆடிக் காற்று வீசட்டும். கம்பிக்குக் கவலை குறைவு. காப்பு, வெளியிலிருந்து ஊதப்படும் மெல்லிய வாயுவில் இல்லை. உருகும் உலோகத்துக்குள்ளேயே கலந்திருக்கிறது. வயல்வெளிகளில் எண்ணெய், எரிவாயுக் குழாய் பதிப்பவர்களும், உயரத்தில் எஃகுச் சட்டங்களை இணைப்பவர்களும் இந்த வகைக் கம்பியை விரும்புவது அதனால்தான்.

கரும்பு விளையும் இந்தப் பக்கத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. உலகெங்கும் சர்க்கரை ஆலைகளில் கரும்பைச் சிதைக்கும் சுத்தியல்களும் சாறு பிழியும் உருளைகளும் மணலோடு உரசித் தேய்கின்றன. தேய்ந்த இடத்தில் குரோமியம் கார்பைடு நிறைந்த கடின உலோகத்தைப் பற்றவைத்து ஏற்றுவார்கள். ராடாலும் செய்யலாம், பல ஆலைகளில் வாயு தேவைப்படாத பொடிக் கம்பியாலும் செய்கிறார்கள். அந்தக் கம்பியின் பொடியில் குரோமியத்தையும் கார்பனையும் வேண்டிய அளவுக்குக் கலந்துகொள்ள முடியும். அவ்வளவு கடினமான கலவையைத் திடக் கம்பியாக இழுக்கவே முடியாது.

வீட்டு வேலைக்குத் திரும்புவோம். இதைச் சாத்தியமாக்கியது கம்பி மட்டும் இல்லை, எந்திரமும்தான். பழைய வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர் செம்பும் இரும்பும் நிறைந்த பாரம். இரண்டு ஆள் தூக்க வேண்டும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. அந்த வேகத்துக்குப் பெரிய இரும்பு உள்ளகம் தேவை. இன்வெர்ட்டர் எந்திரம் அந்த மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு மின்னணுச் சாவிகளால் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டுகிறது. அதிர்வெண் ஏற ஏற உள்ளகம் சிறுக்கும். தோளில் மாட்டிக்கொண்டு போகும் பெட்டிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது அப்படித்தான்.

16 வோல்ட்டில் 100 ஆம்பியர் என்றால் வில்லில் செலவாவது 1600 வாட். எந்திரத்தின் இழப்புகளையும் சேர்த்தால் வீட்டு லைனிலிருந்து பன்னிரண்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஃபேன் மாட்டும் 6 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக், அதற்குத் தகுந்த கனமான ஒயர், வேலை செய்யும் எர்த், கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய நான்கும் இல்லாமல் எந்திரத்தை வாங்கவே கூடாது என்பேன்.

எந்திரத்தின் மேல் ஒட்டிய தகட்டில் 'டியூட்டி சைக்கிள்' என்று ஒரு சதவீதம் இருக்கும். 40 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் எரிக்கலாம், ஆறு நிமிடம் ஆறவிட வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று: உலகத் தர விதிப்படி அந்த எண், சுற்றுப்புறம் 40 டிகிரி இருக்கும்போது கணக்கிடப்பட்டது. கோடையில் வானிலை மையத்தின் அறிக்கையைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்களில் திருத்தணி அடிக்கடி வரும். 42, 43 டிகிரி வெயிலில் எந்திரத்தை முற்றத்தில் வைத்துவிட்டுத் தகட்டிலுள்ள எண்ணை நம்பக் கூடாது. எந்திரம் நிழலில் இருக்கட்டும், அதன் காற்றுத் துளைகள் திறந்திருக்கட்டும். சித்திரை வைகாசியில் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

ராடு எந்திரமும் கம்பி எந்திரமும் மின்சாரத்தைக் கொடுக்கும் விதத்தில் அடிப்படை வேறுபாடு உண்டு. ராடுக்கு ஆம்பியர் மாறாமல் இருக்கும். கை ஏறி இறங்குவதற்கேற்ப வோல்ட் மாறும். கம்பிக்கு வோல்ட் மாறாமல் இருக்கும். இதன் விளைவு அழகானது. கை சற்று நடுங்கி வில் நீண்டுவிட்டது என்று கொள்ளுங்கள். வில் நீண்டால் தடை கூடும், ஆம்பியர் குறையும், கம்பி உருகும் வேகம் குறையும். மோட்டார் அதே வேகத்தில் கம்பியைத் தள்ளிக்கொண்டிருப்பதால் கம்பி முன்னேறி வில் பழைய நீளத்துக்கே வந்துவிடும். வில் குறுகினால் எல்லாம் எதிர்ப்பக்கமாக நடக்கும். ராடில் பல மாதப் பழக்கத்தால் கை கற்றுக்கொள்ளும் ஒன்றை இங்கே மின்சாரம் தானே நொடிக்குள் செய்துவிடுகிறது. தொடக்கக்காரருக்குக் கம்பி எளிதாக வருவதன் காரணம் இதுதான். வோல்ட் குமிழ் வில்லின் நீளத்தைத் தீர்மானிக்கிறது, கம்பி வேகக் குமிழ் ஆம்பியரைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். கம்பி பைப்பில் முட்டிக் கையைப் பின்னுக்குத் தள்ளினால் வேகம் அதிகம். நுனி பெரிய சொட்டாகத் திரண்டு செப்புத் துளையை நோக்கி எரிந்து ஏறினால் வேகம் போதாது.

மின்முனையின் திசையில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வாயு ஊதும் திடக் கம்பிக்கு டார்ச் நேர்முனையில் இருக்க வேண்டும். வாயு இல்லாத பொடிக் கம்பிக்கு டார்ச் எதிர்முனையில், எர்த் கிளாம்ப் நேர்முனையில். இரண்டுக்கும் பயன்படும் எந்திரம் கடையிலிருந்து வரும்போது திடக் கம்பிக்குத் தயாராக வந்திருக்கலாம். மாற்றாமல் எரித்தால் பொரிபொரியாகச் சிதறும், வில் கரகரக்கும், மெல்லிய பைப்பு ஓட்டையாகும். 'இந்தக் கம்பியே இப்படித்தான்' என்று பலர் கைவிடுவது பெரும்பாலும் இந்த ஓர் இணைப்பை மாற்றாததால். எதிர்முனையில் வைத்தால் வெப்பத்தின் கூடுதல் பங்கு கம்பியின் பக்கம் போகிறது, ஊடுருவல் மிதமாகிறது. தகட்டு வேலைக்கு அதுவே தேவை.

கம்பியைத் தள்ளும் உருளையும் மாற வேண்டும். இது உள்ளே பொடியுள்ள குழல் என்பதை மறந்து உருளையை இறுக்கினால் நசுங்கிவிடும். சிறு பற்கள் வெட்டிய உருளை வேண்டும், அழுத்தம் குறைவாக வேண்டும். செப்புத் துளையிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூரமும் முக்கியம். 12 முதல் 18 மில்லிமீட்டர் வரை விடலாம். மின்சாரம் கம்பியின் மெல்லிய கூட்டின் வழியாக மட்டுமே ஓடுவதால் அந்த நீட்டல் பகுதி தானே சூடேறுகிறது. உள்ளே இருக்கும் பொடி வில்லை அடையும் முன்பே விழித்துக்கொள்கிறது. மிகவும் கிட்டே பிடித்தால் அந்த முன்சூடு கிடைக்காமல் துளை விழும்.

கம்பிச் சுருளின்மேல் இ71டி-11 அல்லது இ71டி-ஜிஎஸ் என்று அச்சிட்டிருக்கும். 7 என்பது இழுவிசை வலிமை, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு. அடுத்த 1, எல்லா நிலையிலும் பற்றவைக்கலாம் என்பதைக் குறிக்கும். டி என்றால் குழல் கம்பி. கடைசியில் வருவதுதான் முக்கியம். ஜிஎஸ் என்பது ஒரே அடுக்கு வெல்டிங்குக்கு மட்டும். அதன்மேல் இரண்டாவது அடுக்குப் போடக் கூடாது. 11 வகையில் அடுக்குமேல் அடுக்குப் போடலாம். வீட்டுக்கு ஒரே சுருள் வாங்குவதானால் 11-ஐ வாங்குங்கள். கிலோவுக்கு ராடைவிடப் பல மடங்கு விலை என்பது உண்மை. சிறு வேலைகளில் ஒரு கிலோச் சுருள் நீண்ட நாள் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் அதை எந்திரத்திலேயே விட்டுவைக்காதீர்கள். கூட்டின் விளிம்பு சேரும் கோட்டின் வழியே பொடி ஈரத்தை உறிஞ்சும். ஈரம் வில்லில் ஹைட்ரஜனாகும்; வெல்டிங்கின்மேல் புழு ஊர்ந்த தடம் தெரியும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

இனி வேலை. இரும்புக் கடையில் 25 மில்லிமீட்டர் எம்.எஸ். ஸ்கொயர் பைப், 16 கேஜ் என்று கேளுங்கள். சுவர்க் கனம் 1.6 மில்லிமீட்டர். 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர்தான், பழகும் கைக்கு அது ஓட்டையாகும். இந்தக் கனங்களில்தான் கம்பி ராடை வெல்கிறது. 'பன்னிரண்டு கேஜ்' என்று கேட்டு வாங்கும் 2.5 மில்லிமீட்டர் ராடு, தன்னைவிட மெல்லிய தகட்டில் எரிய வேண்டியிருக்கிறது, 0.8 மில்லிமீட்டர் கம்பிக்கு அந்தச் சங்கடம் இல்லை. 3 மில்லிமீட்டரைத் தாண்டிய ஆங்கிள், பட்டை வேலைகளுக்கு ராடே போதும், மலிவும்கூட. அங்கே கம்பிக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

இரும்பின்மேல் உள்ள துரு, எண்ணெய், பெயிண்ட்டை கிரைண்டரால் பளிச்சென்று தெரியும்வரை எடுங்கள். கம்பியின் அலுமினியம் காற்றைச் சமாளிக்கத்தான் இருக்கிறது. எண்ணெயிலிருந்து வரும் ஹைட்ரஜனைச் சமாளிக்க அதனால் முடியாது. எர்த் கிளாம்ப் கடிக்கும் இடத்தையும் சுரண்டிவிடுங்கள். மட்டத்தில் வைத்து நான்கு மூலையிலும் சிறு பொட்டுகளாக டேக் அடித்து, மூலைமட்டத்தால் பார்த்து, பிறகுதான் முழு வெல்டிங். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சட்டம் கோணும். சூடான இரும்பு விரிய முடியாமல் நசுங்கி, ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிப் போட்டால் இழுப்பும் எதிர் இழுப்பும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும்.

டார்ச்சைச் சாய்த்து, போட்ட வெல்டிங்கைப் பின்னால் விட்டு, உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே வாருங்கள். முன்னோக்கித் தள்ளினால் உருகிய கசடு வில்லுக்கு முன்னே ஓடி உள்ளே சிக்கிக்கொள்ளும். மெல்லிய பைப்பில் நீண்ட கோடு இழுக்காமல், ஓர் அங்குலம் போட்டு நிறுத்தி, சிவப்பு அடங்கியதும் அடுத்த அங்குலம் போடலாம். கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மிக் வெல்டிங்கின் வழவழப்பு வராது; சுற்றிலும் சிதறல் மணிகள் ஒட்டியிருக்கும். உளியால் தட்டினால் போய்விடும்.

எதைச் செய்யக் கூடாது என்பதில் மூன்று.

வெள்ளை ஜி.ஐ. பைப்பை அப்படியே பற்றவைக்காதீர்கள். அதன்மேல் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும். இரும்பு உருகும் முன்பே அது வெள்ளைப் புகையாகிக் கிளம்பிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சாயங்காலமோ இரவோ குளிர்க்காய்ச்சல் வரும், உடம்பு வலிக்கும், வாயில் உலோகச் சுவை தட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று பட்டறைகளில் சொல்வார்கள். நுரையீரலுக்குப் போன புகையை வயிற்றுக்குப் போகும் பால் தடுக்காது. பூச்சைச் சுற்றிலும் ஓரிரு அங்குலம் தேய்த்தெடுத்துவிட்டு, காற்று முதுகுப்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வருமாறு நின்று, தலையைப் புகைக்குள் நீட்டாமல் செய்யுங்கள். எம்.எஸ். பைப் கிடைக்குமானால் அதையே வாங்குங்கள்.

அடுத்தது விசைத்தறி. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் தறி ஓடும் வீடுகள் ஏராளம். தறியின் பக்கச் சட்டமோ பல்சக்கரமோ விண்டால் எந்திரம் கையில் இருக்கிறதே என்று பற்றவைக்கத் தோன்றும். அவை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் கார்பன் மூன்று சதவீதத்துக்கும் மேல். இந்தக் கம்பியால் ஒட்டினால் ஒட்டிய கோட்டின் ஓரத்திலேயே இரும்பு கண்ணாடியாக இறுகி, ஆறும்போது டக்கென்று விரியும். நிக்கல் ராடும் நிதானமான சூடும் தெரிந்தவரிடம் கொடுங்கள். தறிக்கொட்டகைக்குள் வெல்டிங் வேலையே வேண்டாம். உத்தரத்திலும் தறிக்கு அடியிலும் படிந்திருக்கும் பஞ்சுத் தூசியில் ஒரு பொறி விழுந்தால் ஓடும் தீயை ஒரு வாளித் தண்ணீர் பிடிக்காது. வைக்கோல் போருக்கும் இதே எச்சரிக்கை. பொறி பல அடி தூரம் உருண்டு போய்க் கனன்றுகொண்டிருக்கும். வேலை முடிந்து அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து பாருங்கள்.

மூன்றாவது, ஆளைத் தாங்கும் வேலை. ஊஞ்சல் கொக்கி, மாடிப்படி, மொட்டைமாடிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு இவற்றைப் புதிதாகக் கற்றவர் தொட வேண்டாம். 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். கம்பியின் வேதியியலே இங்கே ஓர் எல்லை போடுகிறது. நைட்ரஜனைக் கட்டியதுபோக மிஞ்சிய அலுமினியம் இரும்பிலேயே தங்கிவிடுகிறது. அது இரும்பின் படிகங்களைப் பெரிதாக வளரவிடுகிறது. இழுத்தால் தாங்கும் வெல்டிங், திடீரென அடித்தால் விரிசல் விடலாம்.

இதை உலகுக்குக் காட்டியது ஒரு நிலநடுக்கம். 1994 ஜனவரி 17 அதிகாலையில் லாஸ் ஏஞ்சலீஸின் நார்த்ரிட்ஜ் பகுதியை 6.7 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. எஃகுச் சட்டக் கட்டடங்கள் எதுவும் சரியவில்லை. இரும்பு வளைந்து அதிர்வை விழுங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை மெய்யானதாகவே தோன்றியது. பிறகு சுவர்களையும் பூச்சையும் உரித்துப் பார்த்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் வெல்டிங்குகள் வளையாமலே வெடித்திருந்தன. இணைப்பின் வடிவமைப்பு உட்படக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, அன்று பரவலாகப் பயன்பட்ட இ70டி-4 என்ற வாயு இல்லாத பொடிக் கம்பி. வேகமாக நிரப்பும், வலிமை உண்டு. ஆனால் அதிர்ச்சியைத் தாங்கும் தன்மைக்கு அதன் தர விதியில் குறைந்தபட்ச அளவு எதுவும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. அதன்பின் அத்தகைய இணைப்புகளுக்கு அடித்துச் சோதித்து அளவிட்ட கம்பிகளையே பயன்படுத்த வேண்டும் என்று விதிகள் மாறின. நம் 11 வகைக் கம்பிக்கும் அந்த அதிர்ச்சிச் சோதனை கட்டாயம் இல்லை. செடி ஸ்டாண்டுக்கு அது தேவைப்படாது. குழந்தை ஆடும் ஊஞ்சலுக்குத் தேவைப்படும்.

உடம்பைக் காப்பது பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கம்பி மிக் வெல்டிங்கைவிட அதிகம் புகையும். வெல்டிங் புகையும் வில்லின் புறஊதாக் கதிரும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று 2017-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. திறந்த வெளியில் வேலை செய்வதன் பெரிய நன்மை இங்கே கிடைக்கிறது: கம்பியைக் கெடுக்காத காற்று புகையைக் கொண்டுபோய்விடுகிறது. அதோடு துகள் தடுக்கும் முகக்கவசமும் போடுங்கள். கண்ணுக்கு 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடியுள்ள ஹெல்மெட் வேண்டும். கூலிங் கிளாஸ் உதவாது. வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரியும். கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். உருளைக்கிழங்கு வில்லையும் தாய்ப்பாலும் வேண்டாம், கண் மருத்துவரிடம் போங்கள். வாசலில் வேலை செய்யும்போது தெருவில் விளையாடும் பிள்ளைகள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைத்துவிட்டுத்தான் வில்லை எழுப்ப வேண்டும். பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலில் ஒட்டும். கனத்த பருத்தித் துணியும் தோல் கையுறையும் மூடிய செருப்பும் போடுங்கள். வியர்த்த உடம்பும் ஈர மண்ணும் மின்சாரத்துக்கு வழி. காலடியில் உலர்ந்த பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

ஸ்டாண்டைத் தொடங்கும் முன் இரண்டு துண்டுப் பட்டைகளைச் செங்குத்தாக வைத்து ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். ஆறியதும் வைஸில் கடிக்கவிட்டு, வெல்டிங் போட்ட பக்கத்தை நோக்கிச் சுத்தியால் மடக்கி உடையுங்கள். உடைந்த முகத்தைச் சூரிய வெளிச்சத்தில் பாருங்கள். வட்டத் துளைகள் தெரிந்தால் காற்றோ ஈரமோ எண்ணெயோ புகுந்திருக்கிறது. சாம்பல் நிறத் திட்டு இருந்தால் கசடு சிக்கியிருக்கிறது, கையின் திசையைப் பாருங்கள். ஒரு பட்டை உருகவே உருகாமல் அதன் பழைய விளிம்போடு வழவழவென்று கழன்று வந்தால் சூடு போதவில்லை. வெல்டிங் மேலே ஒட்டிக்கொண்டிருந்ததே தவிர உள்ளே சேரவில்லை. கம்பி வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, இன்னும் இரண்டு துண்டுகளை வெட்டி, மறுபடி உடைத்துப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே சீரான கரகரப்பாகக் கிழிந்து வந்த பிறகு ஸ்கொயர் பைப்பை எடுத்துக்கொள்ளலாம்.